என் சர்க்கரைக்கு எல்லாரும் டயட்

“ஏம்மிணி, காலைல கேரட்டு, மத்தியானம் கேரட்டு, ராத்திரிக்கும் கேரட் சூப்புன்னா நான் என்ன ஊட்டி ரேசுல ஓடற குதிரையா?”

சாப்பாட்டு மேஜையில் ஸ்பூனை டொக்கென்று வைத்துவிட்டு என் வீட்டுக்காரர் கேட்டது இது. “கேரட் என்னோட யோசனை இல்லீங்க, உங்க மகளோடது. சண்டை போடறதுன்னா உள்ரூமுக்குப் போயி அவகிட்டப் போடுங்க” என்றேன். போகமாட்டார். மகளிடம் சண்டை போடத் தைரியம் வேண்டும். என்னிடம் போடப் பசி இருந்தால் போதும்.

ரேஷன் கார்டில் குடும்பத் தலைவி என்று பதவி கொடுத்திருக்கிறார்களே, அந்த உத்தியோகத்தில் இருப்பவர்களுக்குத்தான் நான் சொல்லப்போவது புரியும். இந்தத் தொழிலில் நமக்கு நோய் வந்தாலும் அதற்குப் பத்தியச் சாப்பாடு நாமேதான் சமைக்க வேண்டும், அதுவும் வீட்டில் இருக்கும் அத்தனை பேருக்கும் சேர்த்து.

ஆரம்பம்

நவம்பரில் என் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டரம்மா, சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்றார். தினமும் அரை மணி நேரம் கையை வீசி நடக்க வேண்டும், இனிப்பைத் தொடக்கூடாது, பொங்கல் கழித்து மறுபடி பார்க்கலாம். இறங்காவிட்டால் மாத்திரை. எங்கள் அம்மாவும் அந்த ஒற்றை மாத்திரையில்தான் ஆரம்பித்தார். அப்புறம் ஊசி, கடைசியில் வலது காலில் இரண்டு விரல் இல்லை. ஆகவே எனக்கு இது விளையாட்டில்லை. அரை மணி நேரம்தானே, டிசம்பர் லீவுக்கு எல்லாரும் வந்துவிடுவார்கள், யாராவது ஒருவர் காலையில் அடுப்பைப் பார்த்துக்கொண்டால் நான் எங்கள் குன்னூர் சிம்ஸ் பார்க் வரை போய்த் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

வந்தார்கள். பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கும் மகள் நிவி, ஜனவரி முடியும் வரை வீட்டிலிருந்தே வேலை என்று லேப்டாப்போடு வந்து இறங்கினாள். கோயமுத்தூரிலிருந்து என் நாத்தனார் சுமதி, பள்ளிக்கூடத்து டீச்சர், அரைப்பரீட்சை லீவுக்கு வந்தாள். விஷயம் தெரிந்ததும் இருவரும் கலங்கிப்போய், அன்று மாலையே குடும்பத்தோடு ஒரு முடிவெடுத்தார்கள். அம்மாவுக்குத் துணையாக எல்லாருமே இனி ஆரோக்கியமாகச் சாப்பிடுவது. ‘நலமான குடும்பம்’ என்று வாட்ஸாப்பில் எங்கள் நாலு பேருக்கு ஒரு குழுவும் திறந்தாயிற்று. மறுநாளிலிருந்து நிவிக்கு ஓட்ஸ், சுமதிக்குச் சாமை, அவருக்கு மஞ்சள் கரு நீக்கிய முட்டை, மூவருக்கும் மூன்று வேளையும் பொதுவாகக் கேரட். முன்பெல்லாம் ஒரு குண்டான் உப்புமாவில் முடிந்த காலை, இப்போது நாலு அடுப்பு கேட்டது. மீதியானதை வீசுவதற்கு மனம் வராமல் நின்றபடியே வாயில் போட்டுக்கொண்டதுதான் என் டயட். ஆறரைக்கே அடுப்படியில் நிற்கும் என்னைக் கட்டிக்கொண்டு நிவி சொன்னாள்:

“கவலையே படாதேம்மா, நாங்க எல்லாரும் உன் கூட இருக்கோம்.”

கம்பளிக் கழிவு

எடை பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை காலை. சமவெளியில் இருப்பவர்கள் எடை மிஷின் மேல் ஏறினால் காட்டுவதுதான் எடை. எங்கள் ஊரில் டிசம்பர் மாதம் அப்படி ஏற முடியாது. குளிருக்கு உள்ளே ஒரு தெர்மல், மேலே சட்டை, அதற்குமேல் கையில்லாத ஸ்வெட்டர், அதற்கும்மேல் கையுள்ள ஸ்வெட்டர், குல்லா, மஃப்ளர், இரண்டு ஜோடி சாக்ஸ். இதில் ஒன்றைக் கழற்றச் சொன்னாலும் என் வீட்டுக்காரர், உயிலை எழுதிவிட்டுக் கழற்றுகிறேன் என்பார். அதனால் துணிக்கு என்று ஒரு கழிவு. முதல் வாரம் இரண்டு கிலோ கழித்தார். இரண்டாம் வாரம் பனி கூடியது என்று மூன்று கிலோ. மூன்றாம் வாரம் துணி ஈரம் குடித்திருக்கிறது என்று நாலு. மனிதர் ஒரு கிராம் குறையாமலே வாராவாரம் இளைத்துக்கொண்டு வந்தார்.

நாலாவது வாரம் நிவி குனிந்து எண்ணைப் படிக்கிறாள், இவர் மூச்சை இழுத்துப் பிடித்து நிற்கிறார், ஸ்வெட்டருக்குள்ளிருந்து மொறுமொறுவென்று ஒரு சத்தம். பாக்கெட்டில் கையை விட்டால் ஒரு பொட்டலம் வர்க்கி. எங்கள் ஊர் பேக்கரி வர்க்கியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அது பிஸ்கட் வேஷம் போட்ட வனஸ்பதி. நிவி அதை அப்படியே தூக்கிப் பிடித்துக் காட்டினாள். அப்பா என்ற மனிதர் கண்ணைக்கூடச் சிமிட்டாமல் சொன்னார்:

“அதையுஞ் சேத்துக் கழிச்சுக்கோ கண்ணு.”

குதிக்கும் நேரம்

நாங்கள் குடியிருப்பது வெள்ளைக்காரன் கட்டிய வீட்டின் மாடியில். தரை முழுக்கப் பலகை. கீழே வீட்டுக்காரம்மா டெய்சி ஆன்ட்டி, துணைக்கு டாமி என்று ஒரு நாய். எங்கள் தரைதான் ஆன்ட்டிக்குக் கூரை. இதைத் தெரிந்தே குடியிருப்பதால் நாங்கள் இத்தனை வருஷமும் பூனைபோல நடந்திருக்கிறோம். சுமதிக்கு அதெல்லாம் தெரியாது. காலை ஏழு மணிக்குப் போனைச் சுவரில் சாய்த்து வைத்து, அதில் ஒரு பெண் குதிக்கக் குதிக்க இவளும் குதிப்பாள். கை தட்டிக் குதிப்பது, உட்கார்ந்து எழுந்து குதிப்பது, படுத்து எழுந்து குதிப்பது. எங்கள் கான்வென்ட் பி.டி. பீரியடில் மரத்தடியில் உட்கார்ந்து கதைப்புத்தகம் படித்தவள் நான், எனக்கு அதைப் பார்க்கவே மூச்சு வாங்கியது. “வாங்க அண்ணி, நீங்களும் ரெண்டு குதி குதிங்க, சுகர் கொறையும்” என்பாள். தோசைக்கல்லை யார் பார்ப்பது என்று கேட்டால், அது அவளுடைய வீடியோவில் இல்லை.

கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்பு டெய்சி ஆன்ட்டி பிளம் கேக்குகளைச் சுட்டு, சாப்பாட்டு மேஜையில் வரிசையாக ஆற வைத்திருந்தார். சுமதி மேலே இருபதாவது குதியில் இருக்கும்போது, பலகை இடுக்கில் நூறு வருஷமாகக் குடியிருந்த தூசி முழுக்க இறங்கி, கேக்குகளின் மேல் பவுடர் சர்க்கரை தூவினமாதிரி உட்கார்ந்துவிட்டது. ஆன்ட்டி கோபப்படும் ஜாதி இல்லை. நிதானமாகப் படியேறி வந்து, கதவைத் தட்டி, குட் மார்னிங் சொல்லி, கையிலிருந்த குடையை வாசலில் சாய்த்தார். மழை இல்லையே என்று நான் விழித்தேன்.

“சுமதி எத்தனை மணிக்குக் குதிப்பாங்கன்னு மட்டும் சொல்லிடுங்க, அந்த நேரத்துக்கு நான் கேக் மேல குடை பிடிச்சுக்கறேன்.”

காலித் தட்டு

அப்படியும் கிறிஸ்துமஸ் அன்று கேக் வந்தது. வந்த தட்டை வெறுமனே திருப்பிக் கொடுக்கும் வழக்கம் எங்கள் காம்பவுண்டில் கிடையாது. வருஷாவருஷம் நான் ரவா லட்டு வைத்து அனுப்புவேன். இந்த வருஷம் நிவி தடுத்துவிட்டாள். வெள்ளைச் சர்க்கரை விஷம் என்று, ஓட்ஸும் பேரீச்சையும் தேனும் நாட்டுச் சர்க்கரையும் போட்டு என்னையே உருட்ட வைத்தாள். பழுப்பாக இருந்தால் அது சர்க்கரையில் சேர்த்தி இல்லையாம். இந்தப் புது விஞ்ஞானம் என் கணையத்துக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன், “அம்மா, நெகட்டிவா பேசாதே” என்றாள். தட்டு நிறைய வைத்து அனுப்பியது போக, ஒரு டப்பா மிச்சம். அதை யாரும் தொடவில்லை. ஆளுக்கு ஒன்று கடித்துப் பார்த்துவிட்டு, சத்தானது, அம்மா சாப்பிடட்டும் என்று என் பக்கம் தள்ளிவிட்டார்கள். தேன் விலைக்கு அதைக் குப்பையில் போட எனக்குக் கை வரவில்லை. பத்து நாளில் தீர்த்தேன்.

புது வருஷத்தன்று படியில் பார்த்த ஆன்ட்டியிடம், லட்டு எப்படி இருந்தது என்று கேட்டு வைத்தேன். கேட்டிருக்கக் கூடாது.

“ரொம்ப தேங்க்ஸ் டியர், எங்க டாமி ஒண்ணுகூட விடலை.”

சைக்கிள்

உட்கார்ந்த இடத்தில் மிதிக்கும் சைக்கிள் ஒன்று எங்கள் வீட்டில் மூன்று வருஷமாக இருக்கிறது. குன்னூரில் டிசம்பரில் துணி காயாது, கொடியில் போட்டால் ஊறும். ஹீட்டருக்குப் பக்கத்தில் நிற்கும் அந்த சைக்கிளின் கைப்பிடியும் சீட்டும்தான் கடவுள் கொடுத்த கொடி. நலமான குடும்பம் தொடங்கியதும் அதை மிதிப்பதாக ஒத்துக்கொண்டவர் என் வீட்டுக்காரர். தினமும் டீ ஃபேக்டரி ஆபீஸிலிருந்து வந்ததும் அதன் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, துணியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். இன்னும் காயவில்லை என்றதும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும் பாருங்கள். ஒருநாள் பொறுக்க முடியாமல் எல்லாவற்றையும் வாரி எடுக்கப் போனேன், ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“உடு அம்மிணி, பாதில எடுத்தா நாத்தமடிச்சுப் போகும், காயட்டும், நான் நாளைக்கு மிதிச்சுக்கறேன்.”

கேட் வரைக்கும்

ஒரே ஒருநாள் நானும் நடக்கக் கிளம்பினேன். முந்தின நாளே எல்லாவற்றையும் நறுக்கி, ஊற வைத்து, டப்பாக்களில் போட்டு, ஷூ மாட்டி, மங்கி கேப் போட்டு, கேட்டைத் திறந்து ரோட்டில் ஒரு காலை வைத்திருப்பேன், போன் அடித்தது. முதலில் நிவி, சியா விதை எங்கே என்று. இரண்டாவது சுமதி, சாமைக்கு எத்தனை தண்ணீர் என்று. மூன்றாவது ஒரு சத்தமே இல்லை, மூச்சு மட்டும். அது யார் என்று எனக்குத் தெரியும். இருபத்தெட்டு வருஷப் பழக்கம்.

“ஒண்ணுமில்ல, நீ மொள்ள வா, இந்தப் பால் பொங்கிட்டு இருக்குது, அதை நிறுத்தறதா வேண்டாமான்னு கேக்கலாம்னுதான்.”

யாருடைய நடை

நிவி கையில் கறுப்பாக ஒரு பட்டை கட்டியிருப்பாள். எத்தனை அடி நடந்தோம் என்று அது எண்ணும். எண்ணியதைத் தினமும் சாயங்காலம் குழுவில் போடுவாள். பெங்களூர் ஆபீஸில் அவளுடைய குழுவோடு அதற்குப் போட்டி வேறு நடக்கிறதாம். ஆனால் நாள் முழுக்க ஹீட்டர் முன்னால் போர்வையோடு மீட்டிங்கில் இருப்பவள் எங்கே நடப்பது. ஒருநாள் காலை பட்டையைக் கழற்றி என் கையில் மாட்டிவிட்டாள். “நீ எப்படியும் நடந்துட்டேதானேம்மா இருக்கே” என்றாள்.

நானும் அது கையில் இருப்பதை மறந்துவிட்டேன். வென்னீர் வைக்க, கீழே இறங்கி கேஸ்காரனைப் பார்க்க, மாடியேற, துணி திருப்பிப் போட, நாலு விதமாகச் சமைக்க, பாத்திரம் கழுவ என்று சுற்றிவிட்டுச் சாயங்காலம் கழற்றிக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் குழுவில் டிங் டிங் என்று சத்தம். நிவி பதினோராயிரம் அடி நடந்திருக்கிறாளாம். சுமதி ஏழு கைதட்டல் அனுப்பியிருந்தாள். மறுநாளும் பட்டை என் கைக்கு வந்தது. அதற்கு மறுநாளும். பெங்களூர் போட்டியில் என் மகளுக்கு முதலிடம். அவள் அப்பா ஆபீஸிலிருந்தே பெருமையோடு எழுதினார். அதில் கடைசி வரி எனக்கு:

“புள்ளையப் பாத்தாவது நீ தெனம் கொஞ்சம் நடக்கப் பழகு அம்மிணி.”

பொங்கல் கழித்து

சொன்னபடி டாக்டரம்மாவிடம் போனேன். சும்மா கூட வந்த என் வீட்டுக்காரரும் ஆசைக்குக் கையை நீட்டி ரத்தம் கொடுத்தார். அவருக்கு எல்லாம் நார்மல். எனக்கு நவம்பரைவிட ஏறியிருந்தது. நடந்தீர்களா என்று டாக்டரம்மா கேட்டார். தினமும் பதினோராயிரம் அடி, வேண்டுமானால் என் மகளின் ஆபீஸில் கேட்டுப் பாருங்கள் என்றேன். அவர் சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, என் காலைப் பார்த்தபடி சொன்னார்:

“ஊட்டுக்குள்ள நின்னு நின்னு நடக்கறது வேலைங்கம்மா, நான் சொன்ன நடை இல்ல. இன்னும் ஒரே மாசம் பாக்கறேன், அப்புறம் மாத்திரை எழுதிருவேன்.”

திரும்பும் வழியில் நார்மல் ஆனதைக் கொண்டாட என் வீட்டுக்காரர் வர்க்கி வாங்கினார். ஆக, என் சர்க்கரையைக் குறைக்க நாலு பேர் ஒற்றுமையாகப் பாடுபட்டதில் மூன்று பேருக்கு நல்ல குணம் தெரிகிறது.

வீட்டுக்கு வந்ததும், ஷூவைக்கூடக் கழற்றாமல், கோயமுத்தூரில் இருக்கும் சுமதிக்கும் சேர்த்து நலமான குடும்பத்தில் முதல்முறையாக நானே எழுதினேன்: “நாளைக்குக் காலைல ஆறரைக்கு நான் நடக்கப் போறேன், போனை வீட்டுல வெச்சுட்டுத்தான் போவேன், பால் யாரு காய்ச்சறீங்கன்னு இப்பவே சொல்லுங்க.” மூன்று பேரும் படித்துவிட்டார்கள் என்று நீல டிக் காட்டிக்கொண்டிருக்கிறது.