படிக்கட்டில் கழித்தல்

அடையாற்றில், ஆற்றுக்கு மூன்று தெரு தள்ளி, முதல் மாடியில் குடியிருக்கிறேன். வெள்ளம் வந்த வருஷம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துவந்தேன். விடாமல் பெய்த அந்த மழையில் பள்ளிக்கு லீவு விட்டிருந்தார்கள். மேல்மாடிப் பையன்கள் இருவரும், கீழே படிக்கட்டை ஒட்டிய ஒற்றை அறையில் இருந்தவர்களின் மகளும் காலையிலேயே வந்துவிட்டார்கள். அவள் அம்மா ஆழ்வார்பேட்டைக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். அப்பா தி.நகரில் ஒரு கடைக்கு இரவுக் காவல். மழையில் அங்கேயே தங்கிவிட்டார் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

மதியம் தெருத் தண்ணீர் கேட்டைத் தாண்டி உள்ளே வந்தது. முதல் படி மூழ்கியதும் பிள்ளைகள் மிரண்டு பார்த்தார்கள். பயம் தெரியக்கூடாதென்று அதையே பாடமாக்கினேன். படிக்கட்டின் திருப்பம் வரைக்கும் எட்டுப் படி. ஒன்று தண்ணீருக்குள் போனால் மீதி எத்தனை? 8 − 1 = 7 என்று சிலேட்டில் எழுதினார்கள். குறிகளைச் சரியாகப் போட்டார்கள். எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் ஒரு பையன் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, 8 − 2 = 6 என்று எழுதினான். அடுத்து யார் பார்ப்பது என்று போட்டி. விடை குறையக் குறைய அவர்களுக்குக் குதூகலம். தண்ணீர் சத்தமே போடாமல் ஏறியது.

8 − 3 எழுதும்போது அந்தப் பெண் மட்டும் விடையைப் போடவில்லை.

"மிஸ், எங்கப்பா கட்டிலு எத்தினி படி ஒசரம்?"

"அப்பா எங்க இருக்காரும்மா?"

"கீழதான். ஜொரம்னு மாத்திரை போட்டுக்கினு தூங்கறாரு."

பையன்களின் அப்பாவைக் கூவி அழைத்துக்கொண்டே இறங்கினேன். இடுப்புக்குக் கீழே தண்ணீர் சில்லென்று இழுத்தது. அறைக் கதவு வெளிப்பக்கம் திறப்பது. தண்ணீர் அதை அழுத்திப் பிடித்திருந்தது. தட்டினேன். உள்ளே சத்தமில்லை. மறுபடி தட்டியபோது யாரோ இருமினார்கள். பையன்களின் அப்பா வந்தார். இருவரும் பிடித்து இழுக்க, அவள் அப்பா உள்ளிருந்து தள்ள, கதவு ஒரு ஆள் நுழையும் அளவுக்குத் திறந்தது. பாதி நனைந்த பாயைக் கையில் பிடித்தபடி வெளியே வந்தார். அந்தப் பாயை ஏன் எடுத்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

மேலே கூடத்தில் உட்கார்ந்து நடுங்கினார். மகள் அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் திருப்பத்துக்கு இரண்டு படி கீழே வந்துதான் நின்றது. அம்மா மறுநாள் படகில் வந்து சேர்ந்தாள்.

அந்த மாதமே அவர்கள் பாலவாக்கம் பக்கம் குடிபோய்விட்டார்கள். வீட்டுக்காரர் அறைக்குச் சுண்ணாம்பு அடித்து மறுபடி வாடகைக்கு விட்டிருக்கிறார். இப்போதிருப்பவர்களுக்குக் கைக்குழந்தை. அன்று நடந்ததைச் சொன்னேன். இவ்வளவு குறைந்த வாடகைக்கு வேறெங்கே போவது என்று கேட்டார்கள். மழை வலுத்தால் கீழே போய் அந்தக் கதவைத் தட்டிவிட்டு வருகிறேன்.