மாம்பலம், எட்டு இருபது, லேடீஸ் பெட்டி

கம்பியைப் பிடிச்ச கையில இரும்பு வாசனை... சோப்பு போட்டுத் தேச்சாலும் மத்யானம் வரைக்கும் போகாது.

தொண்ணூறுகள்ல பீச்–தாம்பரம் மீட்டர் கேஜ் எலக்ட்ரிக் ட்ரெயின்ல போனவாளுக்குத் தெரியும். சின்னப் பெட்டி. சண்டையும் அங்கதான், சிநேகமும் அங்கதான்.

இதை எழுதறதே ஒருத்திக்காகத்தான். மெஹர். பல்லாவரத்துல ஏறுவா. பாரிஸ் கார்னர்ல ஒரு துணிக்கடையில சேல்ஸ். நான் மாம்பலத்துல ஏறுவேன், பீச் ஸ்டேஷன் பக்கம் ஒரு ஆபீஸ்ல டைப்பிஸ்ட்.

எங்க பெட்டியில ஒரு வழக்கம். தூரத்துலேந்து உக்காந்துண்டு வரவா, மாம்பலம் வந்தா எழுந்து எடம் குடுக்கணும். எல்லாரும் ஒண்ணும் தர்மப்பிரபு இல்லை, தூங்கற மாதிரி நடிக்கறவாளும் உண்டு. மெஹர் ஒரு நாள் தவறினதில்லை.

"நீ குந்து. நான் பல்லாவரத்துலேர்ந்து குந்திக்கினுதானே வரேன்."

நாலு வருஷம்... ஆத்துல திட்டு வாங்கினதுலேந்து என்னைப் பொண்ணு பாக்க வந்தது வரைக்கும் அவகிட்டதான் சொல்லுவேன். அட்ரஸ் மட்டும் கேட்டுக்கலை. அதான் தினமும் பாக்கறோமே.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ்ல என்னை அடையாறு பிராஞ்சுக்கு மாத்தி ஆர்டர் குடுத்துட்டா. திங்கள்லேந்து பஸ். ஒரு நாள் போய்ச் சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன். சோம்பேறித்தனம், வேற என்ன சொல்றது. மூணு மாசம் ஓடிப்போச்சு.

ரங்கநாதன் தெருவுல சரோஜாவைப் பாத்தேன், அதே பெட்டியில வரவ.

"ஏண்டி, அந்தப் பொண்ணு இன்னும் மாம்பலம் வந்தா எழுந்துக்கறா. சீட்டுல பையை வெச்சுட்டு பிளாட்பாரத்தையே பாக்கறா. கோடம்பாக்கம் தாண்டினப்புறம்தான் உக்கார்றா."



அப்பவும் உடனே போகலை. எந்த மூஞ்சியை வெச்சுண்டு போறது? இன்னும் ரெண்டு மாசம் தள்ளினேன். லீவு போட்டுட்டுப் போனா... எட்டு இருபது வண்டியே இல்லை. ஸ்டேஷன்ல கேட்டா, பக்கத்துல அகல லைன் வரது, சின்ன வண்டியைக் குறைச்சுட்டோம்னா. மூணு வண்டி விட்டேன். ஜன்னல் ஜன்னலா தேடினேன்.

சில வருஷத்துல அந்தச் சின்னத் தண்டவாளத்தையே பேத்து எடுத்துட்டா.

இப்ப வண்டி அகலம், காத்து நன்னா வரது. யாரும் யாரையும் ஏன் நேத்திக்கு வரலைன்னு கேக்கறதில்லை. நானும்தான், போனை நோண்டிண்டு போறேன். மெஹர்னு இங்க தேடினா நூறு பேர் வரா... எது என் மெஹர்னு தெரியலை.

பல்லாவரம் பக்கம் அம்பது தாண்டின மெஹர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? அந்த மாம்பலத்துக்காரியை அடையாறுக்கு மாத்திட்டா, அதான் வரலைன்னு சொல்லுங்கோ.

கோச்சுண்டு போகலைன்னு சொல்லுங்கோ.