மூன்று சென்டிமீட்டர்

அப்பாவுக்கு ஒரு நாளைக்கு ஒரு பெட்டி வேண்டும். ஒரு பெட்டியில் நான்கு பைகள், ஒவ்வொன்றிலும் இரண்டு லீட்டர் திரவம். சிறுநீரகம் கைவிட்ட வேலையை அந்தத் திரவம் வயிற்றுக்குள் இருந்து செய்கிறது. நாளுக்கு நான்கு தடவை பழையதை வடித்துவிட்டுப் புதியதை இறக்க வேண்டும். அட்டை, குழாய் எல்லாம் சேர்த்து ஒரு பெட்டி ஒன்பதரை கிலோ. பதினான்கு நாட்களுக்கு நூற்று முப்பத்துமூன்று கிலோ. என் பட்டியலின் முதல் வரி அதுதான்.

பெரியப்பா நோர்வேயின் வடக்கு முனையில், மீன் தொழிற்சாலை ஒன்று மட்டுமே இருக்கும் ஊரில், முப்பது வருடங்களாக இருந்தார். நுரையீரலில் புற்றுநோய். அப்பா அவரைக் கடைசியாகக் கண்டது ஏழு வருடங்களுக்கு முன்பு ஒரு கல்யாண வீட்டில். விமானத்தில் போவதானால் மூன்று விமானம் மாற வேண்டும். அந்த ஊருக்குத் திரவப் பெட்டிகளை அனுப்பிவைக்க ஆறு வாரம் தேவை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஆறு வாரத்தை நம்பியிருக்க வேண்டாம் என்று பெரியம்மா தொலைபேசியில் சொன்னார். மிச்சம் இருந்தது அப்பாவின் பிக்கப்பும், நோய் வருவதற்கு முன்பு அவர் ஆசைப்பட்டு வாங்கிய கேம்பரும்தான். கேம்பர் என்பது பிக்கப்பின் தட்டில் ஏற்றி வைக்கும் ஒரு சிறிய அறை. கட்டில், கைகழுவும் தொட்டி, பையைத் தொங்கவிட ஒரு கொக்கி. சுத்தமான இடத்தில் நான்கு தடவை திரவம் மாற்ற அது போதும்.

ஆனால் கேம்பரை ஏற்றினால் பிக்கப்பின் பின்பக்கம் குந்திவிடும், முன் விளக்குகள் மரங்களின் உச்சியைப் பார்க்கும். ஸ்டியரிங் காற்றில் மிதப்பது போல இருக்கும். சரிசெய்யும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். காற்றாலைக் கோபுரங்களின் இணைப்புகள் எவ்வளவு சுமை தாங்கும் என்று கணக்கிடுவதுதான் என் தொழில். வேறு யாரிடமும் கொடுக்கத் தோன்றவில்லை.

நாங்கள் வசிக்கும் டேனிஷ் ஊரான இக்காஸ்டுக்கு வெளியே, பழைய பன்றிக்கொட்டகை ஒன்றில் ஒரு டேனிஷ்காரர் வாகனம் திருத்துகிறார். இரண்டு சனிக்கிழமைகள் அவருடன் பிக்கப்புக்குக் கீழே கிடந்தேன். பின் ஸ்பிரிங்கில் இன்னொரு தகடு சேர்த்தோம். தடித்த ஷொக் அப்சோபர்கள் மாட்டினோம். கடைசியாக, வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டமான சேசிஸுக்கும் பின்னச்சுக்கும் நடுவே, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு காற்றுப்பைகள். காற்றை அடித்தால் அவை பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தும்.

"இது வண்டியைத் தூக்கும், பலமாக்காது" என்றார் அவர். "சேசிஸ் அதே பழைய சேசிஸ்தான். என்றைக்காவது பின்பக்கம் இறங்கியிருந்தால் காற்றடிக்காதே. உள்ளே என்ன வந்திருக்கிறது என்று பார்."

தெரியும் என்றேன். உண்மையாகவே தெரியும்.

பட்டியலில் இருந்த எல்லாவற்றையும் ஏற்றி, அப்பா, அம்மா, நான் மூவரும் உட்கார்ந்து, தானியம் வாங்கும் இடத்தின் எடைமேடையில் நிறுத்தினோம். அனுமதித்த எடைக்கு முப்பத்தைந்து கிலோ மிச்சம் இருந்தது. பின்சக்கரத்தின் நடுவிலிருந்து மேல் வளைவு வரை அளந்தேன். ஐம்பத்துமூன்று சென்டிமீட்டர். பென்சிலால் பட்டியலின் கடைசி வரியில் எழுதி வைத்தேன்.

எங்கள் சனத்திடம் ஒரு வழக்கம் இருக்கிறது. யாராவது ஒரு நாட்டுக்குப் போகிறார்கள் என்றால், அந்த நாட்டில் உறவு இருக்கும் எல்லாரும் ஒரு பார்சலோடு வருவார்கள். தமிழ்க் கடையில் ஒரு அன்ரி என்னை மறித்தார்.

"நோர்வேக்கு லொறி போகுதாம், பிள்ளைதான் கட்டினதாம்?"

"லொறி இல்லை அன்ரி. அப்பாவைத்தான் கொண்டுபோறன்."

"கொப்பர் என்ன பெரிய பாரமே? பக்கத்தில ஒரு மூலையில வைக்கலாம்தானே."

நான் சிரித்துவிட்டு வந்தேன். வீட்டில் அம்மாவிடம், "ஒருத்தற்ற பார்சலும் வேண்டாம். ஒண்டுகூட" என்றேன். "ஓம் ஓம்" என்றார் அம்மா. அவர் இரண்டு தடவை ஓம் சொன்னால் என்ன அர்த்தம் என்பதை நான் குறித்து வைத்திருக்க வேண்டும்.

புறப்பட்ட காலையில் பட்டியலுடன் பிக்கப்பைச் சுற்றி வந்தேன். டயர்க் காற்று, சரி. கேம்பரின் கட்டுகள், சரி. மருந்துக் கடிதம், சரி. பின்பக்க உயரம், ஐம்பது. மூன்று சென்டிமீட்டர் குறைவு. புதுக் குழாய், இரவு குளிர், எங்கேயோ கொஞ்சம் கசிந்திருக்கிறது என்று நினைத்தேன். ஐம்பத்துமூன்று வரும்வரை காற்றடித்தேன். சரி என்று அடையாளம் போட்டேன். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. இதை யாரும் என் கையைப் பிடித்துச் செய்விக்கவில்லை.

வீபோர்கில் கோப்பி குடிக்க நிறுத்தினோம். அப்பா இறங்கி, சாரத்தைப் பிடிப்பதுபோலக் காற்சட்டை இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பிக்கப்பை ஒரு தடவை சுற்றி வந்தார். கேம்பருக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஏறி, "போவம்" என்றார்.

ஓல்போர்க் தாண்டி, வீதி திருத்தும் இடத்தில் ஒரு இரும்புத் தகட்டின்மேல் ஏறி இறங்கினோம். பின்னால் ஒரு சத்தம். பெரிய சத்தம் இல்லை. அதற்குப் பிறகு ஸ்டியரிங் மறுபடி மிதக்கத் தொடங்கியது. அடுத்த தரிப்பிடத்தில் நிறுத்தினேன்.

இறங்கியதும் தெரிந்தது. முன் அறைக்கும் பின் தட்டுக்கும் நடுவே மேலும் கீழும் ஒரு விரல் இடைவெளி இருக்க வேண்டும். மேலே நான்கு விரல் நுழைந்தது, கீழே இரும்பும் இரும்பும் முட்டிக்கொண்டிருந்தன. படுத்துப் பார்த்தேன். காற்றுப்பை முட்டுக்கொடுக்கும் இடத்துக்குச் சற்று முன்னால், சேசிஸ் இரண்டு பக்கமும் மடிந்திருந்தது. இழுத்துச் செல்லும் வண்டி வர இரண்டு மணித்தியாலம் என்றார்கள். நோர்வேக்குப் போகும் எங்கள் கப்பல் ஒன்றரை மணித்தியாலத்தில் ஹேர்ட்ஷால்ஸிலிருந்து புறப்படும்.

பின்கட்டிலுக்குக் கீழே உள்ள அறையைத் திறந்தேன். பின்னச்சுக்கு அப்பால், எடை வைக்கவே கூடாத மூலை அது. அரிசிமாவு, மிளகாய்த்தூள், ஒடியல்மா, ஒரு புதுப் பிறஷர் குக்கர், யாரோ ஒருவரின் பேரப்பிள்ளைக்கு ஒரு சைக்கிள். ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி ஒட்டியிருந்தது.

"அம்மா, இது என்ன?"

"நாலு சனத்தின்ர சாமான். தூள்தானே, அது என்ன பாரமே?"

"நான் வேண்டாமெண்டு சொன்னனான்."

"நீ சொல்லுவாய். வாசலில வந்து நிண்டு தரேக்க வேண்டாமெண்டு நான் எப்பிடிச் சொல்லுறது? நாளைக்கு எங்கட வீட்டுக்கு ஆர் வருவினம்?"

பிறகு குரல் இறங்கி, "அதுக்குப் பின்னால இருக்கிறது என்ர இல்லை" என்றார்.

சைக்கிளை இழுத்து வெளியே வைத்தேன். பின்னால் திரவப் பெட்டிகள் இருந்தன. என்னுடைய பதினான்கும் முன்பக்கத்தில், நான் அடுக்கிய இடத்திலேயே இருந்தன. இவை வேறு. எண்ணினேன். பதினொன்று.

அப்பாவுக்குத் திரவம் மாற்றும் நேரமாகிவிட்டது. சரிந்து நின்ற கேம்பருக்குள் ஏறி, கைகழுவி, முகக்கவசம் கட்டி, பையைக் கொக்கியில் மாட்டினார். பை நேராகத் தொங்கியது, சுவர்தான் சரிந்திருந்தது. நான் எதிரே உட்கார்ந்தேன். வெளியே அம்மா பார்சல்களைப் புல்லில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"பதினொரு பெட்டி எங்காலை வந்தது அப்பா?"

"மாதாமாதம் ஆஸ்பத்திரியால ரெலிபோன் எடுத்து எத்தினை மிச்சமெண்டு கேப்பினம். நான் ரெண்டு மூண்டு குறைச்சுச் சொல்லுறனான், அவையள் கூட அனுப்புவினம்."

"எப்பத்தையில இருந்து?"

"மாசியில இருந்து."

பெரியப்பாவுக்கு நோய் கண்டுபிடித்த மாதம்.

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"நீ பதினாலு நாளெண்டு பட்டியல் போட்டிட்டாய். அண்ணை பதினாலு நாளுக்குள்ள சாவாரெண்டு எழுதிக் குடுத்தவரே?" முகக்கவசத்துக்குள் சிரித்தார் என்று நினைக்கிறேன். "முடியுமட்டும் நிப்பமெண்டு நினைச்சனான்."

பழைய திரவம் இறங்கும் வடிபை மெல்ல நிரம்பிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே, "வீபோர்கில நான் கண்டனான்" என்றார்.

"என்னத்தை?"

"முன் அறைக்கும் தட்டுக்கும் இடையில இருக்கிற நீக்கல். மேல ரெண்டு விரல் போச்சுது."

நான் வடிபையிலிருந்து பார்வையை எடுத்து அவரைப் பார்த்தேன்.

"சொன்னால் நீ திருப்பிப்போடுவாய்" என்றார்.

ஓம், திருப்பியிருப்பேன். வீபோர்கில் திருப்பியிருந்தால் பார்சல்களையும் பதினொரு பெட்டியையும் வீட்டில் இறக்கி, காற்றைக் குறைத்து, ஒரு புதுத் தகடு போட்டு, இரண்டு நாள் கழித்துப் புறப்பட்டிருக்கலாம். இதை அவரிடம் சொல்லவில்லை. நான் காலையில் காற்றடித்ததைச் சொன்னேன். மூன்று சென்டிமீட்டர் இறங்கியிருந்ததையும், ஏன் என்று பார்க்காமல் தூக்கி நிறுத்தியதையும் சொன்னேன். அவர் குழாயின் மூடியைத் திருகி இறுக்கினார். "நீ என்ன செய்வாய்" என்றார். ஆறுதலாகச் சொன்னாரா, வேறு விதமாகச் சொன்னாரா என்று குரலில் தெரியவில்லை.

இழுத்துச் செல்லும் வண்டி எங்களை இக்காஸ்டுக்குக் கொண்டுவந்தது. கொட்டகைக்காரர் கீழே ஒரு தடவை பார்த்துவிட்டு, நிமிர்ந்து, கையைத் துடைத்தார். அவர் முன்பு சொன்னதை எனக்கு ஞாபகப்படுத்தவில்லை. அந்தச் சேசிஸை நேராக்கி மறுபடி வீதியில் விட முடியாது என்று மட்டும் சொன்னார். குளியலறைத் தராசைக் கொண்டுபோய் எல்லாவற்றையும் நிறுத்தேன். பார்சல்கள் அறுபத்தெட்டு, பெட்டிகள் நூற்று நாலரை. பட்டியலின் கீழே எழுதினேன். அதற்கு அவசியம் எதுவும் இருக்கவில்லை.

கேம்பரை ஏற்ற வேறு பிக்கப் கிடைக்கும் முன்பே, நாங்கள் புறப்பட்டதிலிருந்து பன்னிரண்டாம் நாள், பெரியப்பா காலமானார். அதற்கு முன் இரண்டு தடவை அப்பா அவருடன் தொலைபேசித் திரையில் கதைத்தார். அங்கே மூச்சுச் சத்தம்தான் கூடுதலாகக் கேட்டது. அப்பா, "வாறன் அண்ணை, வண்டி திருத்துப்படுது" என்றார். அம்மா பார்சல்களை ஒவ்வொரு வீடாகத் திருப்பிக் கொடுத்தார். எல்லாரும் அப்பாவுக்காக மிகவும் கவலைப்பட்டார்கள், தேநீர் கொடுத்தார்கள்.

மாதக் கடைசியில் ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசி வந்தபோது நான் வீட்டில் இருந்தேன். அப்பா எழுந்து களஞ்சிய அறைக்குப் போய், விரலை வைத்து ஒவ்வொரு பெட்டியாக எண்ணினார். பிறகு டேனிஷில் எண்ணிக்கையைச் சொன்னார். வழமையைவிடக் கூட இருக்கிறதே என்று மறுமுனையில் இருந்த பெண் கேட்டது எனக்கும் கேட்டது.

"ஆம்" என்றார் அப்பா. "அடுத்த மாதம் குறைத்து அனுப்புங்கள்."

நானும் எண்ணியிருந்தேன். அவர் சொன்னது சரியான எண்ணிக்கை.