இறந்தவர் ஆன்லைனில் இருக்கிறார்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. வாசலில் மலர் நின்றிருந்தாள்.

மலரைத் தெரியாதவர்களுக்கு: திருவொற்றியூரில் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருபவள். எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய நெட்டுக்குப்பத்துக்காரி. முப்பத்தைந்து வயது இருக்கும். கூடையை இறக்குவதற்கு முன்பே, "யக்கா, வஞ்சிரம்!" என்று மூன்றாவது மாடி வரைக்கும் கேட்கிற மாதிரி கூவுவாள். அன்று சத்தமே இல்லை. தலையில் கூடையும் இல்லை. கையில் போன் மட்டும்.

"யக்கா... செத்துப் போனவங்க வாட்ஸப்புல வருவாங்களா?"

சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். தண்ணீர் குடித்தாள். அப்புறம் ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

அவள் கணவர் தேசிங்கு, காசிமேட்டு விசைப்படகில் வேலை பார்த்தவர். கடலுக்குப் போனால் கரை திரும்ப நாளாகும். திரும்பும் வழியில் சிக்னல் கிடைத்த உடனே முதல் வேலை, மலருக்கு வாய்ஸ் மெசேஜ். எழுதப் படிக்க அவருக்கு வராது. பேசித்தான் அனுப்புவார். "இன்னா மலரு, துன்ட்டியா?" — சாப்பிட்டாயா என்கிற இந்தக் கேள்வியோடுதான் எல்லா மெசேஜும் ஆரம்பிக்குமாம்.

மூன்று மாதங்களுக்கு முன்னால் நடுக்கடலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். படகைத் திருப்பிக் கரைக்குக் கொண்டுவருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சட்டைப் பையில் இருந்த போனில் உப்புத்தண்ணீர் ஏறியிருந்தது.

காரியமெல்லாம் முடிந்ததும் மலர் அந்த போனை ஒரு செல்போன் கடைக்கு எடுத்துப் போனாள். அவர் படகில் எடுத்த படங்கள் அதில் இருக்குமே... அந்த ஆசை. கடைக்காரர் பேட்டர்ன் லாக் கேட்டார். செக் பண்ண வேண்டாமா? சொன்னாள். அதை ஒரு ஸ்டிக்கரில் வரைந்து போனின் முதுகில் ஒட்டிக்கொண்டார். அடுத்த வாரம் போனபோது உதட்டைப் பிதுக்கினார். "போர்டு பூடுச்சுக்கா. டெட்டு. வேணும்னா எத்துக்கினு போ. இல்லாங்காட்டி இங்கயே போட்டுட்டுப் போ, நான் வேஸ்ட்டுல போட்டுக்கறேன்."

போட்டுவிட்டு வந்துவிட்டாள். அதைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிற தெம்பு அவளுக்கு இல்லை. சிம் கார்டைக் கழற்றவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

ஆனால் அந்த எண்ணுக்குப் பேசுவதை மட்டும் நிறுத்தவில்லை. தினமும் ஒரு வாய்ஸ் மெசேஜ். இன்று சங்கரா மீன் நிறைய விழுந்தது. உங்கம்மாவுக்கு முட்டி வலி. மழை பெய்யுது, தகரம் ஒழுகுது. அனுப்புவாள். ஒற்றை டிக் விழும். அதற்கு மேல் என்ன விழும்? போகாத ஊருக்குப் போட்ட கடிதாசி!

பிறகு ஒரு மதியம்.

நல்ல வெயில். முற்றத்தில் காய்ந்த கருவாட்டைத் திருப்பிப் போட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள். டிவியில் யாரோ சமைத்துக்கொண்டிருந்தார்கள். போனை எடுத்தாள். ஒற்றை டிக்கெல்லாம் இரட்டை டிக் ஆகியிருந்தது.

வாய்ஸ் மெசேஜ் பக்கத்தில் ஒரு சின்ன மைக் படம் இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? அனுப்பியதை அந்தப் பக்கம் கேட்டால்தான் அது நீலமாகும். மலர் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். மேலேயிருந்து ஒவ்வொரு மைக்காக... நீலம். கொஞ்சம் இடைவெளி. அடுத்தது நீலம். இன்னும் கொஞ்சம் இடைவெளி. அடுத்தது...

யாரோ உட்கார்ந்து நிதானமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

'யாரு?' என்று தட்டினாள்.

பெயருக்குக் கீழே 'டைப்பிங்' என்று வந்தது. நின்றது. மறுபடி வந்தது.

'நான்தான் மலரு. துன்ட்டியா?'

நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? மலர் அழுதாள். மாமியாரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அந்த அம்மா போனைத் தொடவே இல்லையாம். "எம் புள்ளைக்கு கடல்ல தாகம் அடங்கல" என்று ஒரு டம்ளர் நிறைய தண்ணீர் மொண்டு வந்து போனுக்கு முன்னால் வைத்தாராம்.

அன்றும் மறுநாளும் மலர் தன் புருஷனோடு பேசினாள். ஆம், அப்படித்தான் என்னிடம் சொன்னாள். "நம்பிட்டேன்க்கா. வேற யாருக்குத் தெரியும் அதெல்லாம்?" சங்கரா விழுந்தது தெரிந்திருந்தது. தகரம் ஒழுகுவது தெரிந்திருந்தது. அம்மாவின் முட்டியைக்கூட விசாரித்ததாம் அந்த எண்.

மூன்றாம் நாள் ஒரு மெசேஜ். 'ஒரு போட்டோ அனுப்பு மலரு. அன்னிக்கி அனுப்புனியே, அந்த மாதிரி.'

அது என்ன போட்டோ என்று நான் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள். கல்யாண நாளுக்கு அவர் கடலில் இருந்தார். குளித்துவிட்டு வந்து, ஈரத்தலையோடு, அவருக்கென்று எடுத்து அனுப்பியது. அவர் மட்டும் பார்ப்பதற்காக. அதற்கு மேல் அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

"கண்ணாடி முன்னால போயி நின்னுட்டேன்க்கா. தலையெல்லாம் சீவிக்கினு... அப்பத்தான் மனசுல என்னமோ உறுத்துச்சு. இந்தாளு என்னிக்கி எழுதிக்கினாரு? அவருக்குத்தான் எழுத்தே தெரியாதே!"

சீப்பை வைத்துவிட்டு, 'பேசு. உன் கொரல்ல பேசு' என்று அனுப்பினாள்.

ரொம்ப நேரத்துக்குப் பிறகு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது.

அழுத்தினாள். தேசிங்கு பேசினார். "இன்னா மலரு, துன்ட்டியா? நாளிக்கி வந்துருவேன்." அதே கரகர தொண்டை. பின்னால் படகு எஞ்சின் சத்தம். தூரத்தில் யாரோ, "கயித்த வுடு!" என்று கத்துகிறார்கள்.

மாமியார் கையெடுத்துக் கும்பிட்டார். மலருக்கு மட்டும் அந்தக் 'கயித்த வுடு' எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. தன் போனில் மேலே மேலே தள்ளிக்கொண்டு போனாள். கடைசிப் பயணத்துக்கு முந்தைய பயணத்தில் அவர் அனுப்பிய மெசேஜ். அழுத்தினாள். அதே கரகர தொண்டை. அதே எஞ்சின். அதே கயிறு.

பழைய மெசேஜையே எடுத்து யாரோ திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்!

"பேயா இருந்திருந்தா பயந்திருக்க மாட்டேன்க்கா. மனுசன்னு தெரிஞ்சப்பறம்தான் பயமே வந்துச்சு."

'யார்றா நீ?' என்று கேட்டாள். பதிலுக்கு அந்தப் படம் வந்தது. ஈரத்தலைப் படம். அதற்குக் கீழே, 'இன்னும் கீது. வீடியோ கால்ல வா. வரலன்னா குப்பம் பூரா பாக்கும்.'

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில்தான் மலர் கூடையில்லாமல் என் வாசலில் வந்து நின்றாள்.

"எல்லாத்தையும் அழிச்சுடட்டுமாக்கா? நம்பரை பிளாக் பண்ணிடட்டுமா? வூட்டுல யாருக்கும் தெரியாது. அத்தைக்கிகூட கடேசி மெசேஜைக் காட்டல."

வேண்டாம் என்றேன். எனக்கும் உதறல்தான். இருந்தாலும் ஒன்று தெரியும் — பயத்தில் நாம் முதலில் அழிப்பது நம் பக்கத்துச் சாட்சியத்தைத்தான். ஒவ்வொன்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்தோம். அவனுக்கு ஒரு வார்த்தை பதில் இல்லை. காவல் நிலையத்துக்குக் கிளம்பினோம். ஷேர் ஆட்டோவில் அவள் போனை மடியில் கவிழ்த்து வைத்திருந்தாள். அது அதிரும்போதெல்லாம் அவள் முழங்கால் துள்ளியது.

நிலையத்தில் இருந்த காவலர் ஸ்க்ரீன்ஷாட்டுகளைப் பார்த்தார். பிறகு மலரைப் பார்த்தார். "இந்த மாதிரி போட்டோ எல்லாம் எதுக்கும்மா எடுக்கறீங்க?"

எடுத்த எடுப்பில் இந்தக் கேள்வி! நான் வாயைத் திறப்பதற்குள் மலர் நிமிர்ந்தாள்.

"எம் புருசனுக்கு அனுப்புனது சார் அது. உங்களுக்கு அனுப்பல."

காவலர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். உள்ளேயிருந்து பெண் எஸ்.ஐ. வெளியே வந்தார். அவர் அந்தப் படத்தைப் பார்க்கக்கூட இல்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உங்க கணவரோட போன் இப்ப எங்கம்மா இருக்கு?"

"அது டெட்டும்மா."

"டெட்டுன்னு யார் சொன்னது?"

மலர் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் எஸ்.ஐ. கடைக்குப் போனார். போனை அடையாளம் காட்ட மலர், துணைக்கு நான். கன்டெய்னர் லாரிகள் உறுமிக்கொண்டு வரிசையில் நிற்கும் சாலை. பஞ்சர் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவே ஒரு சின்னக் கடை. கடைக்காரனுக்கு முப்பது வயது சொல்லலாம். நெற்றியில் விபூதி. எங்களைப் பார்த்ததும் சிரித்தான்.

"வாக்கா, நல்லாகீறியா?"

பின்னாலேயே எஸ்.ஐ. வருவதை அப்புறம்தான் பார்த்தான்.

மேஜைக்கு அடியில் ஒரு இழுப்பறை. எஸ்.ஐ. இழுத்தார். அதற்குள்ளே நான் பார்த்ததைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

செத்துப் போனதாகச் சொல்லப்பட்ட போன்கள். வரிசையாகப் படுத்துக் கிடந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு ஸ்டிக்கர், ஒரு பேட்டர்ன். எல்லாவற்றிலும் சார்ஜர் ஒயர். இழுத்த அதிர்வில் சில திரைகள் எரிந்தன. ஒன்றில் ஒரு கல்யாண ஜோடி. ஒன்றில் பொக்கை வாய் திறந்து சிரிக்கும் குழந்தை. நாங்கள் நின்றுகொண்டிருக்கும்போதே மூலையில் இருந்த ஒரு போனில் மெசேஜ் வந்தது. 'அண்ணா எங்கே இருக்க?'

யாருடைய அண்ணன்? அவர் எங்கே இருக்கிறார்? அந்தத் தங்கையும் பதிலுக்குக் காத்துக்கொண்டிருக்கிறாளா?

மலர் ஒரு போனைச் சுட்டிக்காட்டினாள். திரையில் விசைப்படகின் முன்முனையில், அணியத்தில், காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் தேசிங்கு.

கடைக்காரனைக் கைது செய்தார்கள். கடை பூட்டிக் கிடக்கிறது. கடையிலிருந்த அவன் லேப்டாப்பும் போலீஸ் வசம். அதில் மலர் மட்டும் இல்லை. இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்களாம். ஒவ்வொருவரையும் தேடிப்பிடித்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார் எஸ்.ஐ. சிம்மை முடக்கியாகிவிட்டது. படத்தை யாரிடமும் கொடுக்காமல், அதன் அடையாளக் குறியை மட்டும் பதிந்து, பெரிய வலைத்தளங்களில் ஏறாமல் தடுக்க ஒரு வசதி இருக்கிறது. எஸ்.ஐ. சொல்லிக்கொடுக்க, மலர் தன் போனிலிருந்தே அதையும் செய்தாள். "வேற யாருக்கும் அனுப்பலன்னு சொல்றான். நாங்க நம்பல, தேடிட்டுத்தான் இருக்கோம்" என்றார் எஸ்.ஐ. நூறு சதவீதம் என்று அவர் சொல்லவில்லை. அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

மாமியாரிடம் மலரே சொல்லிவிட்டாள். அந்த அம்மா மூன்றாம் நாள், "செருப்பால அடிச்சியாடி அவன?" என்று கேட்டாராம். அவ்வளவுதான்.

இதைப் படிக்கும் சிலர், 'அந்தப் படத்தை எடுத்திருக்கவே கூடாது' என்று சொல்வீர்கள். தெரியும். பூட்டிய வீட்டில் திருட்டுப் போனால், நகை வாங்கியதா குற்றம்? வயது வந்த ஒரு பெண் தன் புருஷனுக்குக் கொடுத்த சம்மதம் அது. அவரோடு அது முடிந்தது. ரிப்பேருக்கு வந்த போனோடு சேர்ந்து கைமாறுகிற பொருளா சம்மதம்?

போன வாரம் மலர் வந்தாள். கூடையோடு. கூவலும் ஓரளவு திரும்பியிருக்கிறது. நண்டு எடுத்துப் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"அவர் வாய்ஸெல்லாம் எங்கிட்டதான்க்கா கீது. ஒண்ணும் போவல. ஆனா கேக்க முடியல. போட்டாலே, அவரு வாயிலேர்ந்து அந்தப் பொறுக்கி பேசற மாதிரியே கீது."

இதற்கு என்ன செக்ஷன் போடுவார்கள்?

அன்று சாயங்காலம் என் பழைய போனைத் தேடினேன். அலமாரியில் இல்லை. பரணில் இல்லை. கணவரைக் கேட்டேன்.

"அதுவா? எக்ஸ்சேஞ்ச்ல குடுத்தாச்சே" என்றார் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

"எல்லாத்தையும் அழிச்சுட்டுத்தானே குடுத்தீங்க?"

"எதை?" என்றார்.