நடு முட்டுக்கல்

பணி ஓய்வுக்குப் பிறகு அமைதி வேண்டும் என்று ஜவ்வாது மலையில் வீடு கட்டிக்கொண்டேன். கேட்டதற்கு மேலேயே கிடைத்தது. ஒரு நாளில் என்னோடு பேசும் ஒரே ஆள், காலை பஸ்ஸுக்குக் காத்திருக்கும் சீத்தாப்பழக்கார அம்மாள். அவர் கூடையோடு அடிவாரத்துக்குப் போவார். நான் எங்கும் போவதில்லை. பஸ்ஸில் வரும் செய்தித்தாளை வாங்க வருவதாகச் சொல்லிக்கொள்வேன். நிறுத்தத்தில் கிடந்த நீளமான பலகைக்கல்லின் இரு முனைகளில் உட்கார்ந்து பத்து நிமிடம் பேசுவோம். மழை, காட்டுப்பன்றி, அவருடைய மருமகள்.

பலகைக்கு அடியில் மூன்று முட்டுக்கற்கள். நடுவில் இருந்தது பலகையைத் தொடவில்லை. விரல் நுழையும் இடைவெளி. பாலங்கள் கட்டிய கண்ணுக்கு அது பொறுக்கவில்லை. ஊராட்சிக்கு அளவுகளோடும் படத்தோடும் மனு கொடுத்தேன். நினைவூட்டல் கொடுத்தேன். நினைவூட்டலுக்கும் ஒரு நினைவூட்டல். கடைசியில் நானே ஒரு கல்சில்லை அந்தச் சந்தில் செருகி, சுத்தியலால் அடித்து இறுக்கினேன். சுத்தியல் அடி ஒன்று கூடுதலாகிவிட்டது.

வளையாத பலகை இரண்டு முட்டுகளில் நின்றால், எது எவ்வளவு சுமக்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். மூன்றாவது வந்தால் அந்தக் கணக்கு போதாது. எங்கோ ஒரு நூல் உயரம் கூடினாலும் சுமை இடம் மாறிவிடும். இதை இளநிலைப் பொறியாளர்களுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். எனக்குச் சொல்லத்தான் ஆள் இல்லை.

மறுநாள் நான் முதலில் உட்கார்ந்தேன். அந்த அம்மாள் மறுமுனையில் உட்கார்ந்து கூடையைப் பக்கத்தில் வைத்தார். பஸ் சத்தம் கேட்டு நான் எழுந்தேன். அவர் முனை தடாலென்று இறங்கியது. கூடை சரிந்து, கனிந்த பழங்கள் ரோட்டில் விழுந்து பிளந்தன.

“இன்னா சார் பண்ணி வெச்சிருக்கீங்க?”

“நடுக்கல்லுக்கு முட்டுக் கொடுத்தேன்.”

“நல்லா குட்த்தீங்க!”

எல்லா நடைமுறையும் தெரிந்த எனக்கு மன்னிப்புக் கேட்கும் நடைமுறை தெரியவில்லை. மறுநாளிலிருந்து அவர் எதிரே புளியமரத்தடியில் நின்றார். பலகை முழுக்க எனக்கே.

ஆறு நாள் போயிற்று. சில்லைப் பிடுங்கிப் பார்த்தேன். பலகையின் கனம் அதன் மேல் உட்கார்ந்திருந்தது, அசையவில்லை. ஒருவர் முனையை நெம்ப வேண்டும், இன்னொருவர் இழுக்க வேண்டும். ஏழாம் நாள் கடப்பாரையை எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினேன்.

“கொஞ்சம் கை கொடுக்க முடியுமாம்மா?”

“செருகும்போது ஒண்டியாத்தானே செருகினீங்க?”

“ஆமாம்.”

“எடுக்க மட்டும் ஆள் வோணுமா?”

கேட்டுக்கொண்டே கடப்பாரையை வாங்கினார். உயர்ந்திருந்த முனைக்கு அடியில் கொடுத்து அழுத்தினார். நான் வேட்டியோடு தரையில் படுத்து சில்லை இழுத்தேன். பலகை பழையபடி இரண்டு முனைகளில் இறங்கியது.

“நடுக்கல்லு இத்தினி வருசமா சும்மா குந்திக்கினு கீது. ஒங்களுக்கு இன்னா சார் வயித்தெரிச்சல்?”

உட்கார்ந்தேன். அவரும் தன் முனையில் உட்கார்ந்தார், கூடை மடியில்.

“எந்திரிங்க.”

எழுந்தேன். பலகை அசையவில்லை.

“குந்துங்க. இன்னொரு தபா.”

இன்னொரு முறை உட்கார்ந்து எழுந்து காட்டினேன். அதற்குப் பிறகுதான் கூடையைப் பலகைமேல் வைத்தார். மருமகள் கோபித்துக்கொண்டு தாய்வீடு போய்விட்டாளாம். ஆறு நாள் சேதி பாக்கி இருந்தது. பஸ் அன்றைக்கென்று நேரத்துக்கு வந்து தொலைத்தது.

பஸ் வளைவில் மறைந்த பிறகுதான் செய்தித்தாள் வாங்காதது நினைவுக்கு வந்தது.