சவரி அண்ணனின் வாயில் வேறொருவன் குரல்

போன கிழமை டவுனில் ஒரு விழாவுக்குக் கூப்பிட்டு எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அது எந்த அலுமாரிக்குள் கிடந்ததோ, பூச்சி உருண்டை மணம் மூக்கைத் துளைத்தது. அந்த மணம் என்னை நேரே தன்னாமுனைக்கு, சவரி அண்ணன் வீட்டு உடுப்புப் பெட்டியடிக்குக் கொண்டுபோய் விட்டது.

சவரி அண்ணனை உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. எங்கள் வாவிக்கரையில் படம் எடுத்த முதல் ஆட்களில் ஒருவர். கதை, இயக்கம், கதாநாயகன் எல்லாம் அவரே. அதற்கு முன் சில வருடம் கொழும்பில் சிங்களப் படங்களில் தலைகாட்டினார். தமிழன் என்றால் கடலைக்காரன் வேஷம், இல்லாவிட்டால் திருடன் வேஷம். ஒருநாள் கடலைக் கூடையைப் படப்பிடிப்பிலேயே போட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட்டார்.

“நம்மட சனம் நம்மட பேச்சில கதைக்கிற படம் ஒண்டு எடுக்கணும் புள்ள. படத்தில நீதான் என்ட தங்கச்சி” என்றார் என்னிடம்.

அப்போது நான் கோயில் நாடகத்தில் மாதா வேஷம் போட்டு, வசனத்தை மறந்து, அழுதே சமாளித்துப் பெயரெடுத்தவள். அழுகை நன்றாக வரும் என்று நம்பித்தான் சேர்த்தாரோ தெரியாது.

படத்தில், தோணியில் நின்று அவர் என்னைப் பார்த்து, “ஒள்ளம் பொறு புள்ள, மறுகா வாறன்” என்பார். கொஞ்சம் பொறு, பிறகு வருகிறேன், அவ்வளவுதான். ஆனால் அதை அவர் சொன்ன விதத்தில், தோணியைப் பிடித்துக்கொண்டு நின்ற மீன்காரர்கள்கூடக் கண்ணைத் துடைத்தார்கள். நானும் கிளிசரின் இல்லாமலே அழுதேன்.

படத்தை வாங்கிய கொழும்பு முதலாளிக்கு அந்தப் பேச்சுப் பிடிக்கவில்லை. “இது என்ன தமிழ்? ஆருக்கு விளங்கும்?” என்று கேட்டாராம். சவரி அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், ஆள் பிடித்து முழுப்படத்துக்கும் வேறு குரல் போட்டுவிட்டார். எனக்கும் ஒரு கீச்சுக் குரல். என் குரலைக் கேட்டவர்கள் அதுவே பரவாயில்லை என்பார்கள். ஆனால் சவரி அண்ணனுக்கு?

முதல் காட்சிக்கு நான் அவருக்குப் பின் வரிசையில் இருந்தேன். தோணி வந்தது. திரையில் அவர் வாய் திறந்தார். “சற்றே பொறுத்திரு தங்காய், விரைவில் திரும்புவேன்!” என்று எவனோ முழங்கினான். சனம் விழுந்து விழுந்து சிரித்தது.

அவர் எழும்பினார். நேரே திரைக்குக் கீழே போய்ச் சனத்தைப் பார்த்து நின்று, தன்னுடைய வசனத்தைத் தன்னுடைய குரலில் கத்திச் சொன்னார். அடுத்ததையும் சொன்னார். அதற்கடுத்ததையும். சிரிப்பு நின்றுபோனது. பெண்கள் பக்கமிருந்து ஒருத்தி, “அந்தச் சத்தத்த நிப்பாட்டுங்கடா, அவரு பேசட்டும்!” என்று குரல் கொடுத்தாள். தியேட்டர் மனேஜர் இரண்டு பொலிஸ்காரரைக் கூட்டிவந்து, அவருடைய படத்திலிருந்தே அவரை இழுத்துப்போக வைத்தார்.

அதற்குப் பிறகு அவர் படம் எடுக்கவில்லை. மாங்கேணியில் மகள் வீட்டில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்து செத்துப்போனார். படச்சுருள்கள் கலவரத்தில் ஸ்டூடியோவோடு எரிந்தன.

இனி விழாவுக்கு வாறன். எங்கள் படத்தில் எரியாமல் மிஞ்சி, எங்கேயோ தேடிப்பிடித்த இரண்டு நிமிடத் துண்டைத் திரையில் போட்டார்கள். தலைமை தாங்கியவர் எழும்பி, “அன்னாரின் கணீரென்ற குரலும் செந்தமிழும் நம் மண்ணின் சொத்து” என்றார். மண்டபம் கைதட்டியது. எனக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. போய் மைக்கைப் பிடித்தேன்.

“அது அவர்ர குரல் இல்ல. அந்தக் குரலப் போட்டுத்தான் அந்த மனுசனச் சாகடிச்சீங்க!”

“அம்மா கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க” என்று அறிவிப்பாளர் சிரித்தபடியே மைக்கை வாங்கிக்கொண்டார். அடுத்தது நடனம்.

தியேட்டர் இருந்த இடத்தில் இப்போது கட்டடச் சாமான் கடை. அன்று உள்ளே இருந்த சனத்தில் யுத்தம் தின்றது போக, கடல் தின்றது போக, எத்தனை பேர் மிச்சமோ! அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். வீட்டுக்கு வந்து கண்ணை மூடி அவர் முகத்தை நினைத்தேன். வாய் அசைகிறது. கேட்கிறதோ அந்த வாடகைக் குரல். எவ்வளவு முயன்றும் அவருடைய குரல் வரமாட்டேன் என்கிறது. பாவிகள், எனக்குள் இருந்ததையும் எடுத்துவிட்டார்கள்.