அப்பா திரும்பிப் பார்த்த பெயர்

செய்தி வந்தபோது காலை பத்து மணி. நான் பாடம் நடத்தும் வகுப்பில் பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஜோகன்னஸ்பர்க்கில் அப்பாவின் அறையில் கூட இருந்த சேலோ, தொலைபேசியில், "உங்கப்பா எந்திரிக்கலம்மா" என்றார்.

அப்பா ட்ஸ்வலெடி அங்கே ரொட்டித் தொழிற்சாலையில் அடுப்புக்குக் கரி அள்ளிப் போட்டவர். டிசம்பரில் மட்டும் செகுகுனே மலைக்கு எங்களிடம் வருவார். சாப்பிடும்போதும் வாசலுக்கு முதுகு காட்டி உட்கார மாட்டார்.

எங்கள் மலையில் புதியவரைக் கண்டால், "நீங்க எதை ஆடுறவங்க?" என்று கேட்பார்கள். குலத்துக்கு ஒரு விலங்கு. அதைச் சொல்லித்தான் ஆட்டம், அதைச் சொல்லித்தான் செத்தவர்களை அழைப்பதும். முள்ளம்பன்றியை ஆடும் அரச குலத்தார்தான் இங்கே பெடிகள். நாங்கள் சிங்கம், கிழக்கேயிருந்து வந்து அவர்களை அண்டிப் பிழைத்தவர்கள். பெடி என்ற பெயர், இரும்பு உருக்கிய பழைய கூட்டத்தாருடையது என்பார் ஒருவர், ஏதோ ஒரு நிலத்தின் பெயர் என்பார் இன்னொருவர். நகரத்தில் அந்தக் கவலையே இல்லை. வடக்கேயிருந்து வந்தால் பெடி. அதிகாரி அப்படி எழுதினான், மேஸ்திரி அப்படிக் கூப்பிட்டான்.

"வாடா பெடி ராஜா! முதுகுல முள்ளு முளைச்சிருச்சா?" என்று மபெஃபோ அத்தை தன் தம்பியான அப்பாவைக் கேலி செய்வார். அப்பா சிரிப்பார். நகரத்து ரயில்களில் கும்பல்கள் ஏறி, குலம் பார்த்து ஆட்களை வெட்டிய வருஷங்களுக்குப் பிறகு அந்தக் கேலிக்கு அவர் சிரித்ததில்லை.

மறுநாள் அத்தையும் நானும் ஜோகன்னஸ்பர்க்குக்கு வேனில் போனோம். உயிர் போன இடத்திலேயே அதை அழைத்து, முள்மரக் கிளையில் ஏற்றி வீடு கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் அங்கேயே கிடந்து அலையும். அத்தை அப்பாவின் கட்டிலருகே கிளையோடு நின்றார்.

"சிங்கமே, எழுந்திரு. வீட்டுக்குப் போலாம்."

திரும்பத் திரும்ப அழைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். "வரலடி. கிளை வெறும் கிளையாத்தான் இருக்கு."

வாசலில் நின்ற சேலோ தயங்கித் தயங்கிச் சொன்னார். "அந்தப் பேருக்கு வரமாட்டாரும்மா. ரயில்ல கத்தியோட ஏறுனவனுங்க பின்னாடியிருந்து ஏதாச்சும் ஒரு குலப்பேரைச் சொல்லிக் கூப்பிடுவானுங்க. திரும்புனவன் கதை முடிஞ்சுது. எங்க பக்கத்துல நின்னவனே திரும்பினான். அன்னையிலேருந்து உங்க தம்பி, வடக்கத்தி ஆளுங்க எல்லாரையும் கூப்பிடுற 'பெடி'ன்னா மட்டும்தான் திரும்புவாரு. நான் விளையாட்டுக்குச் 'சிங்கமே'ன்னு கத்துனாக்கூட, காது கேக்காதவர் மாதிரி போயிட்டே இருப்பாரு."

அத்தை கிளையை மார்போடு அணைத்துக்கொண்டார். "அந்தப் பேரைச் சொல்லிக் கூட்டிட்டுப் போனா, முள்ளம்பன்றிக்காரங்க வீட்டுச் செத்தவங்க இவனை விரட்டுவாங்க. நம்மாளுங்களுக்கு இவன் யாருன்னே தெரியாது. என்னைக்கும் நடுவுல நிப்பான்."

"இங்க பெடின்னு கூப்பிடுங்க அத்தை. ஆத்தைத் தாண்டும்போது சிங்கம்னு சொல்லுங்க."

"அப்பவும் இவன் திரும்பலைன்னா?"

அத்தை குனிந்து, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல், "பெடி, வா" என்றார். கிளை சற்றுத் தாழ்ந்தது. அத்தையின் கை தளர்ந்ததாகவும் இருக்கலாம்.

அப்பாவின் உடல் இருந்த பெட்டியை வேனில் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். வழியில் அத்தையைத் தவிர யாரும் பேசக் கூடாது. "பெடி, இங்க வலது பக்கம்." "பெடி, பயப்படாத, இது லாரிச் சத்தம்." லெபெலே ஆற்றுப் பாலத்தின் நடுவில் வேனை நிறுத்தச் சொன்னார்.

"சிங்கமே, நம்ம ஊரு வந்துருச்சு. இங்க யாரும் வெட்ட மாட்டாங்க. திரும்பிப் பாருடா."

கீழே தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அத்தை மறுபடி அழைத்தார். அதன்பின் வீடு வரும்வரை எந்தப் பெயரையும் சொல்லி அழைக்கவில்லை. கிளை கனக்கிறதா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அவராகச் சொல்லவும் இல்லை. பெட்டியோடு கிளையையும் புதைத்தோம்.

கல்லறைக்கல் கொத்துபவர், பெயருக்குக் கீழே எந்த விலங்கைச் செதுக்க என்று கேட்டு ஆள் அனுப்பியிருந்தார். அத்தை "பாக்கலாம்" என்றார். கல் இன்னும் அவருடைய கொட்டகையில் இருக்கிறது. அப்பாவின் பெயருக்குக் கீழே எதுவும் செதுக்கப்படவில்லை.